எலும்பு சேரும், கார்பன் சேராது

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடைப்பட்ட சாலைகள் விடியுமுன்பே விழித்துக்கொள்கின்றன. அருவியில் குளிக்க வருவோரின் வேன்களுக்கும் பேருந்துகளுக்கும் இடையே, குனிந்த முதுகும் ஒட்டிய உடையுமாகச் சில மிதிவண்டிக்காரர்களும் அப்போது செல்வதைக் காணலாம். இலஞ்சி வழியாக ஐந்தருவி வரை செல்வோர் உண்டு. செங்கோட்டையைக் கடந்து, புளியரையிலிருந்து எஸ் வளைவு ஏறி, கோட்டவாசலைத் தொட்டுத் திரும்புவோரும் உண்டு. மலையும் மழையும் மரநிழலும் ஒருங்கே வாய்த்த இத்தகைய பாதை தென்மாவட்டங்களில் அரிது என்பதால் அவர்களின் ஆசை எங்களுக்குப் புரிகிறது. ஆனால் நனைந்த தார்ச்சாலையும், அதன்மேல் சிந்திய எண்ணெயும், வளைவில் எதிர்ப்படும் பாரவண்டியும் சேர்ந்து அவர்களில் சிலரை ஆண்டுதோறும் மருத்துவமனைப் படுக்கைக்கு அனுப்புகின்றன.

அந்தப் படுக்கையருகே பெரும்பாலும் இரண்டு கேள்விகள் எழும். "கை எப்போது சரியாகும்?" என்று குடும்பத்தார் கேட்பார்கள். "என் சைக்கிள் எங்கே இருக்கிறது?" என்று அடிபட்டவர் கேட்பார். இரண்டாவது கேள்வியைக் கேட்டதும் அம்மாவின் முகம் மாறும். "அந்தச் சைக்கிள் இனிமே வீட்டுக்குள்ள வரப்படாது" என்ற சொல் உடனே வந்து விழும். அந்தச் சொல்லில் கோபத்தைவிட அச்சமே மிகுதி என்பதை இருவரும் அறிவார்கள். ஆயினும் அன்றிலிருந்து அந்த வண்டி வீட்டில் பேசக்கூடாத பொருளாகிவிடுகிறது.

அது பேசப்பட வேண்டிய பொருள் என்பதே எங்கள் கருத்து. அதிலும் அந்த வண்டி கார்பன் இழையால் ஆனதாக இருந்தால் கட்டாயம் பேசப்பட வேண்டும். பேசாமல் விடுவதால் இரண்டு தவறுகள் நேர்கின்றன. ஒரு வீட்டில், நோயாளி படுத்திருக்கும்போதே வண்டியை யாருக்கோ விற்றுவிடுகிறார்கள். இன்னொரு வீட்டில், வெளியே கீறல் மட்டும் தெரிகிறது என்று துடைத்து வைத்து, கட்டுப் பிரித்த மறுவாரமே அவர் அதில் ஏறிவிடுகிறார். முதலாவது பிறருக்குத் தீங்கு. இரண்டாவது தமக்கே தீங்கு.

வளையாமல் ஒடியும் பொருள்

நம் ஊர்க் கடைகளில் நெடுங்காலமாக இருப்பது இரும்பு பிரேம். 1949-இல் அம்பத்தூரில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் வண்டியில் அப்பாவும் தாத்தாவும் நெல்மூட்டை ஏற்றிச் சென்றிருப்பார்கள். அந்த வண்டி எதிலாவது மோதினால் போர்க் வளையும். சக்கரம் கோட்டம் காணும். பழகிய பட்டறைக்காரர் எட்ட நின்று பார்த்தே, என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுவார். இரும்பு தன் காயத்தை வெளியே காட்டிவிடும்.

கார்பன் அப்படியன்று. தலைமுடியைவிட மெல்லிய இழைகளைப் பசையில் தோய்த்து, தாள் தாளாக வெவ்வேறு திசைகளில் அடுக்கி, அச்சில் வைத்து வெப்பமும் அழுத்தமும் கொடுத்து அதை ஆக்குகிறார்கள். இழை ஓடும் திசையில் அதன் வலிமை மிகப் பெரிது. ஆகவேதான் ஒரு கிலோகிராமுக்கும் குறைவான பிரேம்கூட ஒரு மனிதரைத் தாங்கி மலையேற்றுகிறது. ஆனால் அந்த அடுக்கு, ஓட்டும்போது வரும் விசைகளை எண்ணி அமைக்கப்பட்டது. தடுப்புச்சுவரின் முனையோ கல்லோ பக்கவாட்டில் இடிப்பதை எண்ணி அமைக்கப்பட்டதன்று. அவ்வாறு இடிபடும்போது மேலே வண்ணப்பூச்சு அப்படியே இருக்க, உள்ளே தாள்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துவிடக்கூடும். பிரிந்த இடம் ஒவ்வொரு பள்ளத்திலும் சிறிது சிறிதாக விரியும். பிறகு ஒருநாள், முன்னறிவிப்பே இல்லாமல், இறக்கத்தில் ஒடியும்.

கார்பன் தீய பொருள் என்று நாங்கள் சொல்லவில்லை. 1986-இல் கிரெக் லெமாண்ட் கார்பன் பிரேமில் டூர் டி பிரான்ஸ் வென்றார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்ட்மன் கார்பன் வண்டியில் தங்கம் பெற்றார். அதன்பின் பந்தய உலகம் முழுவதுமே அதற்கு மாறியது. மருத்துவமும் இந்தப் பொருளுக்குக் கடன்பட்டிருக்கிறது. சிடி ஸ்கேன் எடுக்கும்போது நீங்கள் படுக்கும் பலகை பல இடங்களில் கார்பன் இழையால் ஆனது. கதிர்களை மறைக்காது என்பதால் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எலும்பை வெளியிலிருந்து தாங்கிப் பிடிக்கும் சட்டங்களிலும் கார்பன் தண்டுகள் உண்டு. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், ஐதராபாத்தில் ஏவுகணைப் பணியில் இருந்தபோது, அங்குள்ள நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் தம் ஆய்வகத்துக்கு வந்ததைப் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். ஏவுகணைக்கென ஆக்கிய இலேசான பொருளைக் கையில் தூக்கிப் பார்த்த அந்த மருத்துவர், 3 கிலோ எடையுள்ள இரும்புத் தாங்கியைக் காலில் கட்டி இழுத்து நடந்த பிள்ளைகளை அவருக்குக் காட்டினார். அதன் பயனாக 300 கிராம் எடையுள்ள தாங்கிகள் உருவாயின. தாம் செய்தவற்றுள் தமக்கு நிறைவு தந்த ஒன்றாகக் கலாம் அதைக் குறிப்பிடுவது வழக்கம். எடை குறைந்தால் வாழ்க்கை எப்படி மாறும் என்பதை அந்தப் பிள்ளைகள் அறிவார்கள். ஆகவே இலேசான வண்டியை விரும்பியவரை ஆடம்பரக்காரர் என்று ஏசுவது முறையன்று.

'ஒன்றுமில்லை' என்னும் சொல்

விழுந்தவர் எழுந்ததும் சொல்லும் முதற்சொல் 'ஒன்றுமில்லை' என்பதுதான். உடம்பைப் பற்றிய அந்தச் சொல்லை மருத்துவர்கள் அப்படியே நம்புவதில்லை. தலையில் அடிபட்டவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்து, சில மணி நேரத்துக்குப் பின் மயங்கலாம். ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியிருந்தால், உள்ளே மண்ணீரல் காயப்பட்டிருப்பது தாமதமாகத் தெரியலாம். கையூன்றி விழுந்தவரின் மணிக்கட்டில், கட்டைவிரற் பக்கத்துச் சிறு எலும்பின் விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல், ஏறக்குறைய இரு வாரங்களுக்குப் பின் எடுக்கும் படத்தில் தெரிவதுண்டு. அதனால்தான் மீண்டும் வரச் சொல்கிறோம்.

வண்டியைப் பற்றிய 'ஒன்றுமில்லை'யையும் இதே ஐயத்தோடு பார்க்க வேண்டும் என்கிறோம். 2006-இல் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் ஜார்ஜ் ஹின்காபி என்னும் அமெரிக்க வீரர் முன்னணிக் குழுவில் சென்றுகொண்டிருந்தார். திடீரென ஹேண்டில்பார் போர்க்கைவிட்டுக் கழன்று கையோடு வந்தது. விழுந்து தோளில் காயமுற்றார். போர்க்கின் மேல்தண்டு முறிந்திருந்தது. அதே பந்தயத்தில் முன்னதாக அவர் விழுந்தபோதே அது பழுதுபட்டிருந்தது என்று வண்டியைச் செய்த நிறுவனம் பின்னர் கூறியது. அந்தத் தண்டு அலுமினியத்தால் ஆனது. உலகின் தேர்ந்த மெக்கானிக்குகள் உடன் இருந்தும், உலோகத்திலேயே இப்படி நேர்ந்தது. அப்படியிருக்க, காயத்தை வெளியே காட்டாத பொருளில் நம் வீட்டுப் பிள்ளை ஏறுமுன் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்!

இங்கே உடம்புக்கும் வண்டிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. முறிந்த காறையெலும்பு, பெரியவர்களுக்குப் பொதுவாக 6 முதல் 12 வாரங்களில் சேர்ந்துவிடும். எலும்பு உயிருள்ளது, ஓய்வும் உணவும் காலமும் கொடுத்தால் தன்னைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். கார்பன் பிரேமை ஓராண்டு நிழலில் சாய்த்து வைத்தாலும் அதன் விரிசல் மயிரிழையளவும் குறையாது. நாம் செய்வதோ பெரும்பாலும் தலைகீழ்: தானே சேரும் எலும்புக்குப் பொறுமை காட்டாமல் அவசரப்படுகிறோம், தானே சேராத கார்பனைக் காலம் ஆற்றிவிடும் என்று விட்டுவிடுகிறோம்.

வண்டியை என்ன செய்வது?

முதல் சில வாரங்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். விற்கவும் வேண்டாம், ஓட்டவும் வேண்டாம். துணியால் மூடி ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். மூடுமுன் எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய ரசீதையும் தேடி எடுத்து வையுங்கள். மோட்டார் வாகனம் மோதி நேர்ந்த விபத்தாயின், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் உடற்காயத்தோடு பொருட்சேதத்துக்கும் இழப்பீடு கேட்க வழியுண்டு. அப்போது அந்த வண்டியே சாட்சி. காலம் கடத்தாமல் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்பது நல்லது. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் சாலை விபத்தில் சிக்கியோரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது. வண்டிச் செலவு அதில் சேராது. ஆனால் சிகிச்சைச் செலவில் மிச்சப்படும் தொகை, இந்த அவசர விற்பனைக்குப் பல வீடுகளில் தேவையில்லாமல் செய்துவிடும்.

தலைக்கவசத்தை மட்டும் உடனே மாற்றிவிடுங்கள். அதன் உள்ளேயிருக்கும் நுரைப்பொருள் ஒருமுறை நசுங்கித் தலையைக் காத்தது. மறுமுறை நசுங்க அதில் இடம் இராது. விரிசல் தெரியாவிட்டாலும் அதன் பணி முடிந்தது.

பின்னர், நோயாளி எழுந்து நடமாடத் தொடங்கியதும், கார்பன் வண்டிகளைக் கையாளத் தெரிந்தவரிடம் பிரேமைக் காட்டுங்கள். போர்க்கைக் கழற்றி அதன் மேல்தண்டைப் பார்க்க வேண்டும். ஹேண்டில்பார் குழாய், சீட் கம்பியைப் பிடிக்கும் இடம், பெடல் அச்சு அமர்ந்துள்ள பகுதி, அங்கிருந்து பின்சக்கரத்துக்குச் செல்லும் குழாய்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நாணயத்தால் தட்டினால் நல்ல இடம் தெளிவாகவும் பிரிந்த இடம் மந்தமாகவும் ஒலிக்கும் என்று சொல்வார்கள். அது ஐயத்தை எழுப்ப உதவும். ஐயத்தைத் தீர்க்க உதவாது. ஒலி நன்றாயிருக்கிறது என்பதற்காக ஏறிவிடக் கூடாது. மீயொலிக் கருவியால் சோதிக்கும் முறையும் உண்டு. தேர்ந்த கையால் கார்பனைப் பழுதுபார்க்கவும் முடியும். அந்த வசதி பெருநகரங்களில்தான் கிடைக்கும் என்பதால், அனுப்பும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சில நிறுவனங்கள், விபத்தில் பழுதான பிரேமுக்குப் பதிலாகப் புதியதைத் தள்ளுபடி விலையில் கொடுக்கின்றன. அதற்கும் ரசீது வேண்டும். வீட்டிலேயே உப்புத்தாளால் தேய்த்துப் பசை தடவும் முயற்சி மட்டும் வேண்டவே வேண்டாம். கார்பன் தூள் நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது. அதுவும் உடல் தேறிவரும் ஒருவர் இருக்கும் வீட்டில் அதைக் கிளப்பலாகாது.

பிறர் பிள்ளையும் பிள்ளைதான்

எங்களை மிகவும் உறுத்துவது இது. விபத்துக்குள்ளான கார்பன் வண்டியை, மெழுகு பூசிப் பளபளப்பாக்கி, விழுந்த செய்தியைச் சொல்லாமல் விற்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தீயவர்கள் அல்லர். மருத்துவச் செலவு நெருக்குகிறது. வண்டியின் விலையோ லட்சக்கணக்கில். 'கீறல் மட்டும்தானே' என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் வாங்குகிறவர் யார்? புது வண்டிக்குப் பணம் இல்லாத ஓர் இளைஞர். அவருக்கும் ஓர் அம்மா உண்டு. நம் வீட்டு வாசலுக்கு வந்துபோன அச்சத்தை, விலைவைத்து இன்னொரு வீட்டுக்கு அனுப்புவதாகத்தான் அது முடியும். தம்பிக்குக் கொடுப்பதும், பக்கத்து வீட்டுப் பையனுக்கு இனாமாகத் தருவதும் இதில் அடங்கும்.

விற்பதாயின், விழுந்ததைச் சொல்லி, சோதித்த விவரத்தையும் கொடுத்து விற்க வேண்டும். பிரேம் தகுதியற்றது எனத் தெரிந்தால், பழைய இரும்புக் கடையில் போட்டு மறக்கவும் முடியாது. கார்பனை இரும்புபோல் உருக்கி வார்க்க இயலாது. தெருவில் போட்டால் யாரேனும் எடுத்துப் பூட்டி ஓட்டக்கூடும். ஆகவே மெக்கானிக்கிடமே கொடுத்து, இனி யாரும் பயன்படுத்த முடியாதபடி அறுத்துவிடச் சொல்லுங்கள். சக்கரம், கியர், பெடல் போன்ற உறுப்புகள் சோதனையில் தேறினால், பொருந்தும் வேறு பிரேமில் பூட்டிக்கொள்ளலாம். இழப்பு ஓரளவு குறையும்.

அடுத்த வண்டி

அடுத்தும் கார்பன்தான் வாங்க வேண்டுமா என்று எங்களிடம் கேட்பவர்கள் உண்டு. பந்தயத்தில் போட்டியிடுபவருக்கு எங்கள் அறிவுரை வேண்டியதில்லை. உடல்நலத்துக்காகவும் மகிழ்ச்சிக்காகவும் ஓட்டுபவருக்கு, அலுமினியமோ நல்ல இரும்போ போதும் என்பதே எங்கள் எண்ணம். விலை பல மடங்கு குறைவு. உள்ளூர்ப் பட்டறையிலேயே பார்த்துக்கொள்ளலாம். கீழே விழுந்தால் ஒவ்வொரு முறையும் நெஞ்சம் பதைக்க வேண்டியதில்லை. எடை ஓரிரு கிலோ கூடும். புளியரை ஏற்றத்தில் சில நிமிடங்கள் பிந்தலாம். சாரலில் ஓட்டும் நமக்கு இன்னொன்றும் உண்டு: ரிம்மைப் பிடிக்கும் பிரேக் உள்ள வண்டிகளில், நனைந்த கார்பன் ரிம் நனைந்த அலுமினிய ரிம்மைப்போல் பிடிப்பதில்லை. மிச்சப்படும் பணத்தில் நல்ல தலைக்கவசமும், பின்விளக்கும், நல்ல டயரும் வாங்கலாம்.

கார்பனே வேண்டும் என்றால், தெரிந்தே வாங்குங்கள். திருகுகளை அளவறிந்து முடுக்கும் கருவி இல்லாமல் சீட் கம்பியைக்கூட இறுக்காதீர்கள். கைபோன போக்கில் முடுக்கினாலே குழாய் நசுங்கும். ஒவ்வொரு முறை விழுந்த பின்னும் ஓட்டாமல் நிறுத்திச் சோதிக்கும் செலவையும் வண்டி விலையோடு சேர்த்தே எண்ணுங்கள்.

எப்போது மீண்டும் ஏறுவது என்பதை நாள்காட்டி தீர்மானிக்கக் கூடாது. தலையில் அடிபட்டவர்களும், வலிப்பு மருந்தோ மயக்கம் தரும் வலிநிவாரணியோ உட்கொள்பவர்களும், மருத்துவர் சொல்லும்வரை சாலைக்கு வரலாகாது. கைகள் இரண்டும் பிரேக்கை முழு வலிமையோடு பிடிக்க வேண்டும். தோள் திரும்பிப் பின்னால் பார்க்க முடிய வேண்டும். அதுவரை இயன்முறை மருத்துவர் அனுமதிக்கும் அளவில், நிலையாக நிற்கும் உடற்பயிற்சி மிதிவண்டியில் கால்களைப் பழக்கலாம்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

'இனிமேல் வேண்டாம்' என்று நீங்கள் சொல்வது அன்பினால். அந்த இரவின் தொலைபேசி மணியையும் 108 வண்டியின் ஒலியையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் படுத்திருப்பவருக்கு, அந்த வண்டி தாம் முன்பு இருந்த நிலையின் அடையாளம். அவர் அறியாமல் அதை விற்றுவிட்டால், 'இனி நீ பழையபடி ஆகமாட்டாய்' என்று வீட்டார் தீர்ப்பு எழுதிவிட்டதாக அவருக்குத் தோன்றும். ஓட்டுவதா, விடுவதா என்று முடிவெடுக்கும் உரிமையை அவரிடமே விட்டுவையுங்கள். உங்கள் அச்சத்தை மறைக்காமல் சொல்லுங்கள். எந்தச் சாலை, எந்த நேரம், யாருடன், மழையில் உண்டா இல்லையா என்று நிபந்தனையும் பேசுங்கள். அதட்டி வாங்கிய வாக்குறுதியைவிடப் பேசி வந்த நிபந்தனை நிலைக்கும்.

அடிபட்டவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் துணிவு உங்களுடையது. ஆனால் உங்கள் காயத்தைச் சுமந்தவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். சோதிக்காத வண்டியில் அவர்களுக்குத் தெரியாமல் ஏறுவது துணிவாகாது. விபத்துக் காட்சி கண்ணுக்குள் திரும்பத் திரும்ப வருவதும், சக்கரத்தின் ஒலி கேட்டாலே நடுங்குவதும் முதல் வாரங்களில் இயல்பு. ஒரு மாதத்துக்கு மேலும் அது நீடித்தால், அடிபட்டவராயினும் உடனிருந்து பார்த்துக்கொண்டவராயினும், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அடுத்த ஆண்டும் சாரல் வரும். சிற்றாற்றில் தண்ணீர் பெருகும். குற்றாலச் சாலையில் மிதிவண்டிகள் ஓடும். அவற்றுள் உங்கள் வீட்டு வண்டியும் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இரண்டில் எதுவாயினும், அது வீட்டார் ஒன்றாக உட்கார்ந்து, வண்டியையும் உடம்பையும் உள்ளபடி அறிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும். அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது அதைப் பற்றியும் எங்களிடம் கேளுங்கள். எலும்பைப் பற்றிய கேள்வியோடு சேர்த்து அதையும் பேசுவோம்.